மஞ்சள் ஆகாத அண்ணி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றின் முகத்திலும் ஒரு வடு விழ விடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேர்.

அண்ணி கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்கு எட்டு வயது. வெயில் பட்டாலும், அடுப்பு முன் உட்கார்ந்தாலும் அவள் கன்னமும் மூக்கும் சிவந்துவிடும். புதுப்பெண்ணின் வெட்கம் என்றார்கள். மூன்று மாதமாகியும் வெட்கம் தீராததால், கோபக்காரி என்றார்கள்.

அம்மாவுக்கு வேறு குறை. தாலி கட்டியவள் தினமும் முகத்துக்கு மஞ்சள் பூச வேண்டும். புருஷன் ஆயுசு அதில்தான் இருக்கிறது. இவள் முகத்தில் மஞ்சளே தெரியவில்லை. என்ன செய்கிறாள் என்று பார்த்து வர என்னை அனுப்பினாள். அண்ணி மஞ்சளைக் கன்னத்தில் தொட்டதும் கழுவிவிடுவதை வேலி மறைவிலிருந்து பார்த்தேன். ஓடிவந்து சொன்னேன். கூலி, ஒரு துண்டு வெல்லம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இனிமேல் கழுவினால் தாய்வீட்டுக்கே போய்விடலாம் என்று சொல்லி, அம்மாவே அண்ணி முகத்தில் மஞ்சளைத் தேய்த்தாள். அண்ணி அதைக் கழுவாமலே அடுப்பு முன் போய் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது.

பயந்துபோன அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் கூடப் போனோம். சிலர் தோல் இப்படித்தான், சீக்கிரம் சிவக்கும் என்றார் டாக்டரம்மா. பச்சைத் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுப்புச் சூடும் வெயிலும் முகத்தில் அடிக்கக் கூடாது. கடைசியாக, "இவளுக்கு மஞ்சள் ஆகாது" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளுக்குத்தான் மஞ்சள் ஆகாது.

வழியில் அம்மா கேட்டாள், "ஏண்டி, எரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொன்னா ஆவாதவன்னுடுவாங்கன்னு பயந்துக்கினு இருந்தேன் அத்தே."

அவள் பயந்தபடியே சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "மஞ்சா ஆவாதவ ஊட்டுக்கு ஆவாதுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அண்ணி உள்ளே போய்ப் பெட்டியில் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அம்மா அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மஞ்சளைக் குழைத்து அவள் பாதத்தில் பூசினாள். நிமிராமலே சொன்னாள்:

"எனக்குந்தான் கத்திரிக்கா ஆவாது. துன்னா ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும். அதுக்கு நான் ஆவாதவளா? போய் அவங்கவங்க வேலையப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்திரிக்காய்க் குழம்பென்றால் சட்டியை வழிக்கிறவள் அம்மா.

அண்ணி பெட்டியை மூடினாள். மறுநாளிலிருந்து அடுப்பு முன் அம்மா உட்கார்ந்தாள். கத்திரிக்காயைச் சாகும்வரை அவள் வாயில் வைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அவள் பங்கும் என் தட்டுக்கு வந்ததில் அப்போது எனக்குச் சந்தோஷம்தான்.

பேத்திப் பாப்பா, மாஸ்க்கைக் கழற்றினால் உன் சிவந்த முகத்தைப் பார்த்துக் கம்பெனியில் தக்காளி என்கிறார்களாமே. முகம் கழுவிவிட்டு வா. தேய்க்காதே, ஒற்று. வந்து உட்கார்ந்து இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு.