இரண்டு மணி பத்து நிமிடம்

ஊருக்கு விமானத்தில் இரண்டே மணி நேரம்தானாம். தம்பியின் சிநேகிதனுடைய மச்சான் போன மாதம் வந்தபோது சொன்னானாம்: இரவு ஒன்பது பத்துக்கு ஏறினான், பதினொன்று இருபதுக்கு இறங்கினான். டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்ததாம்.

அன்றிலிருந்து வீட்டில் பெட்டியக்காவின் பெயர் கெட்டது. வெளிநாட்டு ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக விரிப்புகளை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறவள். அதனால்தான் அந்தப் பெயர்.

"பஸ்ல டவுனுக்குப் போய் வர்ற நேரம்கூட இல்ல. உனக்கு வர மனசில்லன்னு சொல்லு," என்றான் தம்பி.

அம்மாவுக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. மூத்தவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். "ரெண்டு மணி நேரத்துல வர முடியாதவளுக்காக எட்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வைத்துவிட்டான்.

சரி, அவன்தான் அப்படி என்றால், மேற்பார்வையாளரும் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாரும்மா. ரெண்டு மணி பத்து நிமிஷம். ஒரு நாள் லீவு தாராளம்."

"சார், இறங்குற நேரம் அங்கத்திக் கடிகாரப்படி போட்டது. நம்ம கடிகாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது. பறக்கிறதே நாலு மணி நாப்பது. தூரத்தையும் பாருங்க, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அது என்ன ராக்கெட்டா?"

பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெட்டியக்கா விடவில்லை. லீவு விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னாள். விமான நிலையத்துக்கு பஸ் இரண்டு மணி நேரம். அங்கே தவம் கிடப்பது மூன்று மணி பத்து நிமிடம். பறப்பது நாலு மணி நாற்பது. இறங்கி ரயிலைப் பிடிக்க ஒரு மணி நாற்பது. ரயிலில் ஏழு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ அரை மணி.

"மொத்தம் பத்தொம்பது. திரும்பி வரவும் அதே. உங்க ஒரு நாள்ல எங்கம்மாவுக்கு ரயில் ஜன்னல்லேர்ந்து கையாட்டிட்டு வரவா?"

முன்பக்கத்தில் லீவு நாள் 'ஒன்று' என்று இருந்ததை அடித்து 'ஐந்து' என்று எழுதினாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"போடாட்டியும் போவேன், சார். திரும்பி வர்றப்போ என் மேசையில வேற ஆள் நின்னா, விரிப்போட நாலு மூலையும் சேர எப்படி மடிக்கணும்னு அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். அதற்குள் இஸ்திரியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்.

நாலு மணி பஸ் சரியாக வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கணக்கை இன்னொரு முறை போட்டாள். எங்கும் பிசகாமல் இருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அங்கத்திக் கடிகாரத்தில் காலை எட்டரை.

அரை மணி நேரம். அவ்வளவுதான் அவள் கேட்கப் போவது. 'ரெண்டு மணி நேரமா? என்கூட வந்து உக்காந்து எண்ணுடா. அதுவரைக்கும் அம்மாவைத் தொடக் கூடாது.' சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.