பதினான்காம் மாடிப் பாட்டு

இன்று மேடையில் என்னை 'மூத்த ராப் கலைஞர்' என்று அழைக்கிறார்கள். ராப் என்றால் என்னவென்று தெரிந்து நான் ஆரம்பிக்கவில்லை. படியேறித்தான் ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் செந்தூல் அடுக்குமாடியில் எங்கள் வீடு பதினான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து ஏறும்போது, களைப்புத் தெரியாமல் இருக்க, ஓடாத லிஃப்டையும் கடக்கும் மாடிகளையும் பற்றி வாய்க்குள் எதையாவது முணுமுணுப்பேன். அது பாட்டாகிவிட்டது. ஒரு மாடிக்கு இரண்டு வரி. ஒன்பதாவது மாடிக்கு மேல் வரிகள் குட்டையாகிவிடும். அது கலை நுணுக்கம் என்று பிற்பாடு சிலர் பாராட்டினார்கள். உண்மையில் அதற்கு மேல் எனக்கு மூச்சு இல்லை.

என் கூட்டாளி காருக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் வேலை பார்த்தான். தாளம் அவன் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸில் கேசட் வெளியிடும் முதலாளி ஒருவரிடம் இருவரும் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா லிஃப்ட் பாட்ட யாரு கேப்பா? அந்த எடத்துல ஒரு பொண்ண போடு லா."

"பொண்ணா அண்ணே?"

"ஆமா. நீ கீழ நிக்கிற, அது எறங்கி வர மாட்டேங்குது. எல்லாம் சரியாத்தான வருது?"

வீட்டுக்கு வந்து மாற்றி எழுதிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாமே வெளியிடுவோம் என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

ஸ்டூடியோவுக்கு எங்கே போவது? அவன் கடையில் நின்ற வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தோம். ஏர்கான் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டோம். உச்சி வெயில். மூன்றாவது தடவை பாடி முடித்துக் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "வெளிய மழையா?" என்றார்.

கேசட்டுக்கு 'மேலே போகும் வழி' என்று பெயர் வைத்தோம். எங்கள் படிக்கட்டிலேயே அட்டைப்படம் எடுத்தோம். பதினான்கு மாடியும் ஏறிய களைப்பில் நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து நின்றோம். பெயரையும் படத்தையும் பார்த்த ஒரு கேசட் கடைக்காரர், எல்லாவற்றையும் பக்திப் பாடல் வரிசையில் அடுக்கிவிட்டார்.

அடுத்த வாரம் நான் அந்தக் கடையில் நின்றிருந்தபோது ஓர் அக்கா கேசட்டும் கையுமாக வந்தார்.

"வெள்ளிக்கிழமை வெளக்கேத்திட்டு போட்டேன். என்னா கத்து கத்துறாங்க! யாரு பாடுனது இது?"

நழுவப் பார்த்தேன். ஆனால் அட்டையில் என் முகம் இருந்தது.

"நாந்தான்க்கா. வேற சாமி பாட்டு மாத்தித் தரச் சொல்றேன்."

"மாத்தவா வந்தேன்? எங்க பிளாட்லயும் லிஃப்ட் ஓடல. நீ எந்த பிளாட்?"

சொன்னேன். எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம்தான் அவருடையது.

"அப்ப வியாழக்கிழமை காலையில வீடமைப்பு ஆபீசுக்கு வந்துரு. கேசட் போடுற ரேடியோவ மறந்துறாத."

அக்கா இருபது பெண்களோடு வந்திருந்தார். அவர் மனுவைக் கொடுக்க, நாங்கள் பாட்டைப் போட்டோம். மலாய்க்கார அதிகாரி தாளத்துக்குக் காலை ஆட்டினார். கல்யாணப் பாட்டா என்றுகூட விசாரித்தார். அக்கா கேசட்டை நிறுத்தி நிறுத்தி மாடி மாடியாக மலாயில் விளக்கினார். பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும் ஐந்தாவது மாடி, ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் பாதியில் போட்டுவிட்டு ஓடிய ஏழாவது மாடி. அதிகாரியின் கால் நின்றுவிட்டது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி மறுவாரம் வந்தார். நல்ல மனிதர், கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தில் எங்களோடு ஏறினார். பின்னாலேயே ரேடியோ பாடிக்கொண்டு வந்தது. அது அக்காவின் ஏற்பாடு. ஒன்பதாவது மாடியில் அதிகாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டிலிருந்து சிரப் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு, பாட்டு முடிய இன்னும் எத்தனை மாடி பாக்கி என்று என்னிடம் கேட்டார். ஐந்து என்றேன். உட்கார்ந்தபடியே கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் இரண்டு கட்டடத்திலும் லிஃப்ட் ஓடியது. முதல் நாளே அம்மா மூன்று முறை பாசார் சந்தைக்குப் போய்வந்தார். மூன்றாவது முறை எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கேசட் முதலாளியும் சும்மா இருக்கவில்லை. வேறு இரண்டு பேரை வைத்து, இறங்கி வராத பொண்ணைப் பற்றி ஒரு பாட்டை வெளியிட்டார். என்னுடையதைவிட அது அதிகம் ஓடியது. கொஞ்ச நாள் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் என்னைத் தேடி வந்த ரசிகர்களே வேறு. அம்பாங்கிலிருந்து தெருவிளக்குக்கு ஒரு பாட்டு கேட்டார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஓர் அங்கிள், சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் ஆர்டர் கொடுப்பதுபோல, "எங்க தெரு சாக்கடைக்கு ஒண்ணு போடு தம்பி, கொஞ்சம் காரமா" என்றார்.

போட்டேன். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் எல்லாம் அதற்கு ஆடினார்கள். ஒரு மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடியதை நானே பார்த்தேன். சாக்கடையைத்தான் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அடுத்த மழைக்கும் அங்கிள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மனிதர் அசரவில்லை. கால்சட்டையை மடித்துவிட்ட கோலத்திலேயே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"இது பத்தல தம்பி. இன்னொண்ணு எழுது. இந்தத் தடவ மலாய்ல."