அழுத்தினால் அமுங்காத ஷூ

நாள் முழுக்க கம்பெனி லைனில் நின்று வேலை செய்கிற நாங்கள் ஷூ வாங்கப் போனால் முதலில் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். விரல் எவ்வளவு புதைகிறதோ, அவ்வளவு நல்ல ஷூ. ஒரகடத்தில் எங்கள் கம்பெனிப் பெண்களுக்கு அதுதான் அளவுகோல். ஜிம்மில் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் அமுக்கி அமுக்கி ஒன்று வாங்கினேன்.

தோளில் கம்பியை வைத்துக்கொண்டு ஸ்குவாட்டுக்கு உட்கார்ந்தால் கால் தள்ளாடியது, குதிகால் தூக்கிக்கொண்டது. பின்னால் ஒரு சிரிப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, எங்கள் லைனிலேயே காண்டிராக்டில் வேலை பார்த்த பெண்.

"என்ன யக்கா, மெத்த மேல நின்னுக்கிட்டு ஆடுதிய? அந்தச் சவத்தக் கழத்திப் போடுங்க."

கழற்றினேன். தரை காலைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் ஜிம்காரம்மா வந்துவிட்டார்.

"ஏம்மா, வெறுங்கால்லயா? இரும்பு பிளேட்டு வுயுந்தா வெரலு இன்னாத்துக்கு ஆவும்? ஷூ மாட்டு, இல்லன்னா வூட்டுக்குக் கெளம்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போய், அமுங்கிய ஷூவையெல்லாம் ஒதுக்கி வைத்தோம். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"எல்லாரும் பஞ்சாட்டம் கேப்பாங்க, நீங்க கல்லாட்டம் கேக்குறீங்களேம்மா!"

இப்படி ருசியான ஒரு பேச்சு காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

"கல்லுன்னா எடுங்கண்ணே, அதான் வேணும்" என்றாள் அவள்.

பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூவை எடுத்துப்போட்டார். தட்டையான ரப்பர் அடி, விரல் இறங்கவே இல்லை. இருவருக்கும் ஒரே அளவு என்பதால் ஒரு ஜோடியே போதும் என்றாள். தூக்குகிறவளுக்கு அது, கம்பி சாய்ந்தால் பிடிக்கப் பின்னால் காவல் நிற்கிறவளுக்கு என் மெத்தை ஷூ. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். அவள் கழற்றித் தரும்போது உள்ளே சூடு இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு பயம் கூடவே வந்தது: அவள் காண்டிராக்டை நீட்டுவார்களா? சூப்பர்வைசரை நான்கூடப் போய்க் கேட்டேன். "பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்" என்றார். நீட்டவில்லை.

அவளை ஊருக்குப் பஸ் ஏற்றப் போனபோது கேன்வாஸ் ஷூவை அவள் பையில் திணித்தேன்.

"எங்கூர்ல பொம்பளையளுக்கு ஜிம்மு எங்ஙனக்கா இருக்கு? இதப் போட்டுக்கிட்டுக் கடக்கரையிலயா குத்தவைக்க?"

"எடுத்துக்க. எனக்கு இங்கயே கடை கீது."

சிரித்தாள். திருப்பித் தரவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம் தனியாகப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டேன். கால் ஆடுவதில்லை. இப்போது பின்னால் நிற்பது பிள்ளைப்பாக்கத்துப் பெண், பொறுப்பானவள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கம்பியோடு கீழே உட்கார்ந்ததும் கொஞ்சம் அப்படியே இருந்துவிடுகிறேன். அந்த இடத்தில்தான் அவள் "எந்தி யக்கா, எந்தி! தூங்குதியளா?" என்று அதட்டுவாள். அதைக் கேட்டபிறகுதான் எழுந்து பழக்கம்.

"இன்னாக்கா, வெயிட்டு ஜாஸ்தியா கீதா?" என்று பதறுகிறாள் பிள்ளைப்பாக்கத்துப் பெண்.

"இல்லம்மா" என்று சொல்லி எழுந்துகொள்கிறேன்.