போனோடு வந்த படத்தொகுப்பு

மனைவி இறந்த பிறகு என் போன் காலைதோறும் தானாகவே ஒரு படத்தொகுப்பைக் காட்டத் தொடங்கியது. மேலே 'உங்கள் இனிய நினைவுகள்' என்று எழுத்து வரும். தொட்டால் துள்ளலான இசையோடு ஓடும். படங்கள் எல்லாம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எடுத்தவை. டாக்டருக்கு அனுப்ப நான் பிடித்த அவளுடைய வீங்கிய கால், மாத்திரை அட்டைகள், கடைசியில் மூக்கில் குழாயோடு அவள் முகம். "இதைப் போயி எதுக்குப் படம் பிடிக்கிய?" என்று அன்று கோபப்பட்டாள். அந்தப் போனில் அவளுடைய வேறு படம் எதுவுமே இல்லை.

யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். ஒருநாள் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் என் கை பட்டு அந்தத் தொகுப்பு ஓட ஆரம்பித்தது. இசையைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். படத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு செல்போன் கடைக்குப் போனேன். இந்தத் தொகுப்பு இனி வராமல் செய்ய வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த ஆப் போன் கூடவே வந்தது அண்ணாச்சி. அழிக்க முடியாது, முடக்கித்தான் வைக்கலாம்."

"படம் போயிருமா?"

"அது அங்கனயே கெடக்கும். நீங்களாத் தேடிப் போனாத்தான் வரும்." அதற்குள் அந்த முகம் திரையில் வந்துவிட்டது. சத்தத்தைக் குறைத்தாள். "மதினியா?"

தலையாட்டினேன். அவள் ஆப்பை முடக்கிக் கொடுத்தாள்.

இப்போதும் காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுக்கிறேன். எதுவும் வருவதில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆஸ்பத்திரிப் படங்களுக்குள் இனி நானே போக வேண்டும். இன்னும் போகவில்லை.