மகனின் வேலையை அத்தான் சொன்ன நாள்

மாதா கோயில் முற்றத்தில் அந்தச் சின்னக் காகிதக் குவளையை அத்தான் பிடித்திருந்த விதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோவுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. தமிழ்ப் பூசை முடிந்து ஆண்கள் வழக்கம்போலச் சுவரோரம் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் அக்காவின் கணவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார்: "அப்ப, உங்கட ஜனாதிபதி என்னதான் செய்யிறார்?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். பிறகு குவளைக்குள் ஊதத் தொடங்கினார். கோப்பி எப்போதோ ஆறியிருந்தது. ஊதி முடித்துவிட்டு, "எல்லா இடத்திலயும் சனம் கஷ்டப்படுகுது" என்றார். யாரும் மறுக்க முடியாத பதில். பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

அக்கா இறந்தபின் அவரை இங்கே கூப்பிட்டது நான்தான். வாழ்வின் பெரும்பகுதியை அவர் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் கழித்தவர். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். ஒரே மகன் வேறு மாநிலத்தில் குடும்பத்துடன் இருந்தான். அக்கா இல்லாத வீட்டில் அவர் தொலைக்காட்சிகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கொஞ்ச நாள் வந்து இருங்கள் என்றேன். கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக் கொடுத்தோம். கொஞ்ச நாள் என்றது இரண்டு வருடமாக நீண்டது. மீன்காரன், மருந்துக்கடைக்காரி, வீட்டுக்காரக் கிழவர் என்று எல்லோரும் அவரை 'அமெரிக்கானோ' என்றுதான் அழைத்தார்கள். முதலில் அவருடைய கறுத்த முகத்தைப் பார்த்து நம்பாமல் நிற்பார்கள், பிறகு அதே கேள்வியைக் கேட்பார்கள். மருந்துக்கடைக்காரி அமெரிக்காவைத் திட்டினால் பொறுமையாகக் கேட்பார். வீட்டுக்காரர் புகழ்ந்தால் அதையும் அதே பொறுமையோடு கேட்பார். படியிறங்கி வந்தபின் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

எங்களுக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யார் என்று பார்த்துவிட்டு வாய் திறக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அவரும் அந்தப் பழக்கத்தில் இருக்கிறார் என்று பலரும் நினைத்திருக்கலாம். காரணம் வேறு என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் என் சமையலறையில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "நான் எந்தப் பக்கம் கதைச்சாலும் அது கடைசியில என்ர பிள்ளையிலதான் வந்து நிக்கும். அதுதான் கதைக்கிறேல்லை."

மகன் அங்கே குடிவரவு அதிகாரியாக வேலை செய்தான். வதிவிடப் பத்திரம் இல்லாதவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் பிரிவு. உயிரோடிருந்தபோது அக்கா தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டாள். என் கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை. எங்கள் கோயிலில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் பயந்துகொண்டு நிற்காத குடும்பம் ஒன்றுமில்லை. அந்த முற்றத்தில் இதை எப்படிச் சொல்வது?

அத்தான் வந்த அடுத்த வருடம், கோயிலில் நாங்கள் மன்னார் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு உணவகத்தில் சமையல்காரர், அதிகம் பேசாதவர். அவருடைய தம்பி பல நாடுகளைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன், பிடிபட்டுத் தடுப்பு முகாமில் இருந்தான். அத்தானைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தான் அப்போது என் சமையலறையில்தான் இருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு அங்கத்தைய நடைமுறை தெரியும். ஆரிட்டையாவது ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

தனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று அத்தான் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மன்னார் அண்ணை போனதும் சமையலறையிலிருந்தே மகனை அழைத்தார். பேச்சு தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறியது. எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். கடைசியில் அத்தான் தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"இதைத் தன்னட்டைக் கேக்கக்கூடாது எண்டுறான். கேட்டது வெளியில தெரிஞ்சா வேலை போயிடுமாம்." பிறகு, "அவன் சொல்லுறதும் சரிதான்" என்றார்.

நான் சோறு போட்டேன். அவர் எப்போதும் போலச் சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பும் கேட்டார். எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அக்கா போனபின் எங்கள் இருவருக்கும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. செய்தி காதில் விழும், அதற்கு மேல் உள்ளே இறங்காது. மறுநாள் பழைய நண்பர் ஒருவர் மூலம் ஒரு வழக்கறிஞரின் பெயரைக் கண்டுபிடித்து மன்னார் அண்ணையிடம் கொடுத்தார். வழக்கறிஞரும் முயன்று பார்த்தார். அந்தக் கோடைக்கு முன்னரே தம்பியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து மன்னார் அண்ணையின் மகளுக்கு முதல் நன்மை, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் விருந்து. படகுகள் கட்டியிருந்த கரைக்கு எதிரே நீள மேசை. சிப்பி போட்ட பாஸ்தாவும் பொரித்த கணவாயும் வந்துகொண்டேயிருந்தன. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் இத்தாலியனில் கத்திக்கொண்டு ஓடின. மன்னார் அண்ணை அத்தானைத் தன் பக்கத்தில் இருத்தியிருந்தார். நடுவில் எழுந்து நின்று பேசத் தொடங்கினார், அவருக்குப் பழக்கமில்லாத வேலை அது. தம்பியைப் பற்றிச் சொன்னார். சொந்தக்காரர்களே தட்டிக் கழித்தபோது, இந்த அமெரிக்க அண்ணைதான் தனக்காக அங்கே ஆளைப் பிடித்துக் கதைத்தவர், அதைத் தன் வீடு மறக்காது என்றார். சிலர் கைதட்டினார்கள்.

அத்தான் தலை குனிந்திருந்தார். தண்ணீர்க் கிளாஸை ஊதுவாரோ என்றுகூட எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. அவர் நிமிர்ந்து, உரக்கவுமில்லாமல் மெதுவாகவுமில்லாமல் சொன்னார்:

"நான் கேட்டது என்ர மகனிட்டை. அவன் அந்த வேலைதான் செய்யிறான். ஆக்களைப் பிடிச்சு அனுப்பிற வேலை."

கேட்காதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் குனிந்து சொன்னார்கள். மன்னார் அண்ணை கிளாஸோடு நின்றுகொண்டேயிருந்தார்.

"தம்பியைப் பிடிச்சது அவரோ?"

"இல்லை. அது வேற இடம். ஆனா அதே வேலை."

"கேட்டதுக்கு என்ன சொன்னவர்?"

"கேக்கக்கூடாது எண்டு."

மன்னார் அண்ணை உட்கார்ந்தார். "ஆனா நீங்கள் கேட்டனீங்கள்" என்றார். அதைக் கேள்வியாகச் சொன்னாரா, பதிலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தான் ஓம் என்றார். பரிமாறுகிறவன் அடுத்த தட்டோடு வந்தான்.

பிறகு யாரும் சண்டை பிடிக்கவில்லை. யாரும் முகத்தைத் திருப்பியதாகவும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அவருக்கும் கோப்பி வந்தது. ஆனால் அவரிடம் அமெரிக்காவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் பக்கம் வந்தால் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்களைப்புக்கும் மாறியது. தவிர்க்கப் பாடுபட்ட கேள்வி இல்லாமல் போனதும், அவருக்கு அந்த முற்றத்தில் நிற்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை போலிருந்தது. மழைக்காலத்தில் மகன் வரச்சொல்லி அழைத்தான், பேரப்பிள்ளை பிறந்திருந்தது. அத்தான் சரி என்றார். விமானநிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டது மன்னார் அண்ணைதான். நானும் பின்னால் இருந்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மன்னார் அண்ணை, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார். அத்தான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது அவர் மகன் வீட்டில் இருக்கிறார். அழைத்தால் பேரனைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் சொல்வார். இங்கத்தைய ஆட்களைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அங்கே நடப்பதைப் பற்றிக் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் அந்த நாட்டுச் செய்தி வந்தால் கணவர் ஒலியைக் கூட்டுவார், நான் எழுந்து உடுப்பு மடிக்கப் போவேன்.

போன ஞாயிறு மன்னார் அண்ணை என்னை மறித்து, தம்பிக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்துவிட்டது, அமெரிக்க அண்ணையிடம் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அழைத்தேன். எடுத்தது மகன். அப்பா குளிக்கிறார் என்றான். அவனுடைய குரலில் அக்காவின் இழுவை அப்படியே இருந்தது. பேரன் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தான்.

"அப்பாட்டைச் சொல்லு, மன்னார் அண்ணையின்ர தம்பிக்கு வேலை கிடைச்சிட்டுதாம்."

"அது ஆர் சித்தி?"

"இஞ்சை கோயில்ல ஒருத்தர்" என்றேன். "அப்பாக்குத் தெரியும்."

சரி சித்தி, சொல்லுறன் என்றான்.