வீரனின் முதுகு

என் அண்ணி சகாயசெல்வியைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் அது பாதிதான். 1993இல் வல்லம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள், கிணற்றடிக் கல்லில் துணி துவைத்தாள். பிறகு ரோம் நகரத்துக்குப் போய், தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் 2012இல் புது வீடு எழும்பியது.

வாசற்படிக்கு ஆகுமென்று கொத்தனார் நடராசன் அந்தத் துவைக்கிற கல்லைப் புரட்டினார். அடிப்பக்கத்தில் வில்லோடு ஒரு வீரன் நின்றான். என் அண்ணன் ஸ்டீபன்ராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊர் பார்த்தால் சூடம் கொளுத்த வரும், நம் வாசல் கோயிலாகிவிடும், பங்குச் சாமியாருக்கு யார் பதில் சொல்வது என்று பயம். யாரும் பார்ப்பதற்குள் குப்புறக் கவிழ்த்துப் படியாகப் பதிக்கச் சொன்னார். அண்ணியோ கொத்தனாரின் கரண்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலை நின்றது. அண்ணன் கோபித்துக்கொண்டு திண்டிவனத்திலிருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணிக்குப் புத்தி சொல்ல நானே பஸ் ஏறினேன்.

"ஒரு கல்லுக்காகப் புருஷன வெரட்டிட்டு நிக்கிறியே அண்ணி?"

"நான் எங்க வெரட்டுனேன் வெனிலா, அவராப் போனாரு. ரோம்ல அந்தம்மா வீட்டு மாடிப்படிகிட்ட ஒரு பழைய கல்லு. அதுல செதுக்குன ஆளுல ஒரு கை மட்டும்தான் மிச்சம். வாராவாரம் ஈரம் படாம தொடைக்கணும். இது எந்தச் சாமின்னு கேட்டேன். சாமி இல்ல, எங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவங்கன்னு சொன்னாங்க. ஒடஞ்ச கையத் தொடச்சிக்கினு இருந்தவ, முழுசா நிக்கிற ஆள மிதிப்பேனா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரோமுக்குப் போனவர்கள் மாதா படம் வாங்கி வருவார்கள். இவள் இதை வாங்கி வந்திருக்கிறாள்.

மறுநாள் ஆள் வைத்துக் கல்லை வேலியோரம் நிமிர்த்தினாள். பக்கத்து நிலத்துத் தேவநாதன் சூடத்தோடுதான் வந்தார்.

"சாமி இல்லண்ணா. நமக்கு முன்னாடி இங்க இருந்தவரு. சூடம் வாணாம், பாத்துட்டுப் போங்க."

அவர் என்னமோ முணுமுணுத்தார். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடம் கொளுத்தாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதை நான் போய்ச் சொன்ன பிறகே அண்ணன் கிளம்பினார். வந்ததும் தேங்காய் நாரை எடுத்து, கல்லின் முதுகில் படிந்திருந்த சோப்புக் கறையைத் தேய்க்க உட்கார்ந்தார்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "வுடுங்க. நான் பண்ண அழுக்கு, நானே தேய்க்கிறேன்."

அண்ணன் நிமிரவில்லை.

"நீ ரோம்ல இருந்தப்ப, பத்து வருஷம் இதுமேல யாரு துவச்சிக்கினு இருந்தாங்கன்னு நெனச்ச? பாதி அழுக்கு என்னுது."