பேதி கண்ட தெருவில்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஓர் ஐப்பசியில் கொள்ளிடத்து வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் ஊரில் வாந்தி பேதி பரவியது. என் வீட்டுக்காரரும் நாலு வயது மகளும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். நோய் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மகளை நானே குளிப்பாட்டி, என் கல்யாணச் சேலையில் சுற்றினேன். கல்லறைக்குத் தூக்கிப்போக மட்டும் எங்கள் மாதா கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வந்தார். ஊர்மேல் எனக்குக் கோபமில்லை. வேறொரு வீடாக இருந்தால் நானும்தான் போயிருக்க மாட்டேன்.

மறு வருஷ மழையில், தா.பழூருக்குப் போகும் வழியிலிருந்த கூலிக்காரர் தெருவில் அதே நோய். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கேட்டார்.

"அங்க தண்ணி காய்ச்சிக் குடுக்கக்கூட ஆளில்ல. யாராச்சும் வர்றீங்களா?"

பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். இழுத்துக்கொள்ள எனக்கு யாருமில்லை. எழுந்து நின்றேன்.

ஒரு குடிசையில் ஒருத்தியின் புருஷனை அன்று காலையில்தான் புதைத்திருந்தார்கள். அவன் படுத்திருந்த இடத்திலேயே மகள் சுருண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. நான் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் கொண்டுபோனேன். தாய் குறுக்கே கையை நீட்டி மறித்தாள்.

"தண்ணி குடுத்தா பேதி கூடுமாமே. குடுக்காதீங்க."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எம்மவ கடேசிவரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டா. நான் குடுக்கல."

"பொழைச்சுதா?"

"இல்ல. செத்துப்போச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நகர்ந்து, பிள்ளையின் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். வாந்தி எடுக்க எடுக்கத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன். கை மரத்துப்போனது. நான் ஓய்ந்தபோது அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றது. தாய் என் காலில் விழுந்தாள். எனக்கு சந்தோஷம் வரவில்லை. இவளுக்கு மட்டும் ஏன் என்றுதான் முதலில் தோன்றியது. வரப்பில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த குடிசைக்குப் போனேன். அங்கே இருந்த கிழவர் பிழைக்கவில்லை.

சாமியாரிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன். "எனக்குப் பொறாமையா இருக்குது சாமி. நான் செய்யிறதுல புண்ணியம் ஒண்ணும் இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும்மா. நாளைக்கும் போவீங்கல்ல?" என்றார். அவரும் களைத்திருந்தார், தாடியெல்லாம் சேறு.

போனேன். அதன்பின் எந்த ஊரில் நோய் கண்டாலும் கோயிலிலிருந்து ஆள் வந்துவிடும். சில நாள் படுத்த பாயிலிருந்து எழவே மனம் வராது. வந்தவர் வாசலில் நிற்கிறாரே என்று எழுந்து போவேன். அந்தக் குடிசைக்காரியும் சில சமயம் என்னோடு வந்தாள். அவள் எங்கள் கோயிலைச் சேர்ந்தவளில்லை. நோய் கண்ட வீட்டுக்குள் போனதும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள், நான் படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.